வினைத்திறன் மிக்க ஒற்றைப்படியும் வலிமைமிகு இழையும்

குண்டு துளைக்காத அங்கியும் தீயணைப்பு வீரரின் சீருடையும் நைலானின் உறவுகள் என்றால் மாணவர்கள் வியப்படைவர். மூன்றிலும் இருப்பது அமைடு பிணைப்பே. மேல்நிலை வகுப்பில் நைலான்-6,6 நடத்தும்போது இதனையும் விளக்கலாம்.

அடிப்பிக் அமிலத்தையும் ஹெக்சாமெத்திலீன் டைஅமீனையும் சேர்த்துச் சூடாக்கினால் நீர் வெளியேறி நைலான்-6,6 கிடைக்கிறது. கெவ்லாருக்கு இம்முறை பயன்படாது. பென்சீன் வளையங்களால் ஆன அதன் சங்கிலி, உருகுவதற்கு முன்பே சிதைந்துவிடும். எனவே குறைந்த வெப்பநிலையிலேயே விரைந்து வினைபுரியும் ஒற்றைப்படி தேவை. அதுவே டெரிப்தலாயில் குளோரைடு. டெரிப்தாலிக் அமிலத்தின் இரு கார்பாக்சில் தொகுதிகளிலும் ஹைட்ராக்சிலுக்குப் பதிலாகக் குளோரின் அமைந்த சேர்மம் இது. தகுந்த கரைப்பானில் பாரா-பினைலீன் டைஅமீனுடன் சேரும்போது ஹைட்ரஜன் குளோரைடு நீங்கிச் சங்கிலி வளர்கிறது.

1965இல் அமெரிக்காவின் டியூபான்ட் ஆய்வகத்தில் டயருக்கு ஏற்ற இலேசான இழையைத் தேடிய ஸ்டெபனி க்வோலெக், இவ்வகைப் பாலிஅமைடின் கலங்கிய, நீர்த்த கரைசலைப் பெற்றார். நூற்கும் கருவி அடைத்துக்கொள்ளும் என அதை இயக்குபவர் தயங்கினார். க்வோலெக் விடவில்லை. நூற்றபோது வியக்கத்தக்க உறுதியான இழை கிடைத்தது. அதன் வழியே உருவான கெவ்லார், சம எடையுள்ள எஃகைவிட ஏறத்தாழ 5 மடங்கு வலிமையானது. ஒளியிழை வடங்கள், கயிறுகள், டயர்கள் ஆகியவற்றிலும் பயன்படுகிறது.

பாரா அமைப்பால் சங்கிலிகள் நேராக நிற்கின்றன. ஹைட்ரஜன் பிணைப்புகள் அவற்றை இறுக்கிக் கட்டுகின்றன. ஈர்க்குக் கட்டை வகுப்பில் காட்டினால் இது எளிதில் புரியும். அதே வினையை மெட்டா அமைப்புள்ள ஐசோப்தலாயில் குளோரைடு, மெட்டா-பினைலீன் டைஅமீன் கொண்டு நிகழ்த்தினால் சங்கிலி வளைந்து நெளிகிறது. அதுவே நோமெக்ஸ். வலிமை குறைந்தாலும் வெப்பத்தைத் தாங்கும். தீயணைப்பு உடைகளுக்கும் மின்மாற்றிகளின் காப்புத் தாளுக்கும் ஏற்றது.

இந்த வினைத்திறனே இடரும் ஆகும். ஈரம் பட்டால் அமிலக் குளோரைடு மீண்டும் அமிலமாகிறது. சங்கிலி வளர்வது நின்றுவிடும். உடன் வெளிப்படும் ஹைட்ரஜன் குளோரைடு கண்ணையும் நுரையீரலையும் தாக்கும். ஆகவே பள்ளி ஆய்வகத்தில் இதனைச் செய்துகாட்ட முயல வேண்டாம். கரும்பலகையும் மாதிரிகளும் போதும்.

பாட முடிவில் ஒரு வினா எழுப்பலாம்: டெரிலீனிலும் டெரிப்தாலிக் பகுதி உண்டு, அது உருகுகிறது, கெவ்லார் ஏன் உருகுவதில்லை? டெரிலீனில் வளையக்கூடிய கிளைக்கால் பகுதி இருப்பதையும், சங்கிலிகளுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்பு இல்லாததையும் மாணவர்களே கண்டறியட்டும்.