முன் பாக்கியைப் பார்க்காமல் கணக்கு முடியாது



சங்கக் கூட்டத்தில் உறுப்பினர்கள் சிலர் நம்மைத் தனியே அழைத்து, "அண்ணாச்சி, வாரா வாரம் மதுரைக்குப் போய் வந்தீர்களாமே, என்ன விஷயம்?" என்று கேட்டார்கள். சர்க்கரைக்கு வைத்தியம் என்று சொல்லித் தப்பித்தோம். வீட்டுக்கு வந்த பிறகு அது தவறு என்று பட்டது. நாம் போனது மனதுக்கு வைத்தியம் பார்க்க. நம்மைப் போல் எத்தனை பேர் வெளியே சொல்லாமல் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்களோ என்று எண்ணித்தான் இதை எழுதுகிறோம்.

2022 பங்குனியில் நம் மூத்த மகன், ஒரு சிறு மளிகைக் கடைக்காரருக்கு இரண்டு மூட்டை துவரம் பருப்பைக் கடனுக்குப் போட்டு அனுப்பினான். அவர் நாணயமான ஆள்; பெரிய பாக்கியும் இல்லை. ஆனாலும் கணக்குப்பிள்ளை, மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோர் முன்னிலையிலும் மகனை நாம் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பத்து நாள் அவன் கடைக்கு வரவில்லை. அதற்கு ஓராண்டுக்கு முன்பிருந்தே நமக்கு விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, நெஞ்சில் பாரம். இ.சி.ஜி., எக்கோ எல்லாம் பார்த்தாயிற்று. இதயத்தில் குறை இல்லை. குடும்ப டாக்டர்தான் ஒரு மருத்துவ உளவியலாளரிடம் அனுப்பினார். "நமக்கு என்ன பைத்தியமா?" என்ற எண்ணத்தோடு, காரை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு நடந்து போனோம்.

அங்கே நடந்த சிகிச்சைக்கு சைக்கோடைனமிக் சைக்கோதெரபி என்று பெயர். உளவியக்கச் சிகிச்சை எனலாம். இன்றைய கோபத்துக்கும் பயத்துக்கும் நாமே அறியாத பழைய காரணங்கள் இருக்கலாம்; வலிக்கும் என்பதால் மனம் அவற்றை ஒதுக்கி வைத்திருக்கும்; பேசப் பேச அவை வெளியே வரும்; தெரிந்துகொண்டால் அவற்றின் பிடி தளரும். இதுதான் அதன் அடிப்படை.

இந்த வழியைத் தொடங்கி வைத்த சிக்மண்ட் ஃபிராய்டும் வியாபாரி வீட்டுப் பிள்ளைதான். தந்தை ஜேக்கப் கம்பளி வியாபாரி. இன்றைய செக் நாட்டில் இருக்கும் ஃப்ரைபர்க்கில் 1856இல் ஃபிராய்ட் பிறந்தார். தொழில் நலிந்ததால் குடும்பம் 1859இல் ஊரை விட்டு, அடுத்த ஆண்டு வியன்னா போய்ச் சேர்ந்தது. டாக்டரான ஃபிராய்ட், 1895இல் பிராயருடன் சேர்ந்து, பேசுவதாலேயே நோய்க்குறிகள் குறைவதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1896இல் தந்தை இறந்தபின் தம் மனத்தையே ஆராயத் தொடங்கினார். நம் நாட்டிலும் 1922இலேயே கிரீந்திரசேகர் போஸ் கல்கத்தாவில் இதற்கு ஒரு சங்கம் அமைத்தார். ஃபிராய்ட் சொன்னவற்றில் பலவற்றை இன்று ஏற்பதில்லை. முறையும் மாறிவிட்டது. இப்போது பெரும்பாலும் எதிரெதிரே நாற்காலியில் உட்கார்ந்துதான் பேச்சு.

நம்மைப் பார்த்த அம்மாவுக்கு நம் மகள் வயது. வாரம் ஒரு நாள், அதே கிழமை, அதே நேரம், ஐம்பது நிமிடம். அறிவுரை சொல்வார் என்று எதிர்பார்த்தோம். சொல்லவில்லை, மனதில் வருவதைச் சொல்லுங்கள் என்றார். சரக்கு வாங்கப் போன இடத்தில் விலை சொல்லாமல் நம்மையே விலை கேட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. மூன்று வாரத்தில் நின்றுவிட நினைத்தோம். அதையே அவரிடம் சொன்னபோது, அதைப் பற்றியும் பேசலாம் என்றார்.

ஒரு முறை அவர் அடுத்த வாரம் விடுமுறை என்றார். நமக்குக் கோபம் பொங்கியது. "பொறுப்பில்லாமல் பாதியில் விட்டுப் போகிறீர்களே" என்றோம். அவர் நிதானமாக, "ஐயா, பொறுப்பில்லை என்ற இதே வார்த்தையைத்தானே மகனையும் சொன்னதாகச் சொன்னீர்கள்? இதற்கு முன் யாரைச் சொல்ல நினைத்தீர்கள்?" என்று கேட்டார்.

பதில் வர இரண்டு வாரம் ஆயிற்று. நமக்குப் பதினொரு வயதில், அப்பாவின் மளிகைக் கடையில் கடன்காரர்கள் வந்து தராசையும் படிக்கல்லையும் எடுத்துப் போனார்கள். கேட்டவர்க்கெல்லாம் கடன் கொடுத்துக் கடையை இழந்தவர் நம் அப்பா. அன்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை விட்டு, அடுத்தவர் கடையில் பொட்டலம் மடித்தோம். தினமும் மாலை போட்டுக் கும்பிடும் படத்தின் மேல் நமக்கு இவ்வளவு கோபம் இருக்கும் என்று நாம் நினைக்கவே இல்லை. அன்று அந்த அறையில் அழுதோம். அப்பா இறந்தபோதுகூட அழாதவர் நாம்.

அப்பா கணக்கின் முன் பாக்கியை மகன் பெயரில் பற்று எழுதியிருக்கிறோம். விடுமுறை என்ற அம்மா பெயரிலும் எழுதப் பார்த்தோம். பழைய உறவின் உணர்ச்சி புதிய ஆள் மேல் இப்படி இறங்குவதை இந்த முறையில் முக்கியமாகக் கவனிக்கிறார்கள். அந்த அறையிலேயே அது நடக்கும்போது பிடித்துக் காட்டுவதுதான் வைத்தியம்.

போகிறவர்கள் அறிய வேண்டியவை சில:

1. படிப்பு, பயிற்சி, பதிவு பற்றி முதலிலேயே கேளுங்கள். நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கட்டணம், வர முடியாத நாளுக்கு என்ன செய்வது என்பதையும் பேசிவிடுங்கள்.

2. சில மாதங்களில் முடிவதும் உண்டு. ஓராண்டுக்கு மேல் நீள்வதும் உண்டு. நமக்குப் பதினோரு மாதம் ஆயிற்று.

3. நடுவில் மனபாரம் கூடினதுபோல் தோன்றலாம். அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

4. சொன்னது வெளியே போகாது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் நோயாளியின் விவரத்தைக் காக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகள் மட்டும் விலக்கு.

5. எல்லா நோய்க்கும் இது மட்டும் போதாது. தற்கொலை எண்ணம், இல்லாத குரல் கேட்பது, கடுமையான மனச்சோர்வு என்றால் உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். சாப்பிடுகிற மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நெஞ்சுவலி என்றால் முதலில் இதயத்தைச் சோதித்துவிடுங்கள்.

6. வேறு பேச்சு சிகிச்சைகளும் உண்டு. இன்றைய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிப் பழக்கும் முறை சிலருக்கு நன்றாகப் பொருந்தும். எது தகும் என்று கேட்டு முடிவு செய்யுங்கள்.

எங்கே போவது என்று தெரியாதவர்கள், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

நமக்கு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். இன்னும் சில நாள் மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது. ஆனால் நெஞ்சில் பாரம் இல்லை. மகனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவன் ஒன்றும் சொல்லாமல் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கடை திறக்கப் போனான். யாருக்கு எவ்வளவு கடன் என்று இப்போது இருவரும் சேர்ந்து வரம்பு எழுதி வைத்திருக்கிறோம். அந்தச் சிறு கடைக்காரர் பருப்புப் பணத்தை இரண்டாம் மாதமே கட்டிவிட்டார்.

மேலும் விவரம் வேண்டுவோர் மாலை ஆறு மணிக்கு மேல் நம் கடைக்கு வரலாம். இனி யார் கேட்டாலும் சர்க்கரை என்று சொல்ல மாட்டோம்.