ஜிப் சிக்கினால் இழுக்காதீர்கள்!

செலாயாங்கில் என் அப்பாவுக்கு ஒரு சிறிய தையல் கடை. மொத்தச் சந்தைக்குப் போகும் வழியில், கடைவரிசையின் ஐந்தடியில் ஒரே ஒரு தையல் இயந்திரம், அவ்வளவுதான். பள்ளி திறக்கும் வாரம் வந்துவிட்டால் அப்பாவுக்குத் துணி தைக்க நேரமே இருக்காது. பள்ளிப்பைகள் வந்து குவியும். எல்லாவற்றுக்கும் ஒரே நோய்: ஜிப் போய்விட்டது.

பையை வாங்கியதும் அப்பா ஊசியையோ கத்தரியையோ எடுக்க மாட்டார். மேசைக்குள் கிடக்கும் மெழுகுவர்த்தித் துண்டை எடுத்து ஜிப்பின் பற்களில் மேலும் கீழுமாகத் தேய்ப்பார். பல பைகள் அதிலேயே சரியாகிவிடும். காசு வாங்காமல் கொடுத்தனுப்புவார். போகும் பிள்ளையிடம் ஒன்று மட்டும் சொல்வார்: "சிக்குனா இழுக்கக் கூடாதும்மா. பின்னால கொண்டு போயி, என்ன மாட்டியிருக்குன்னு பாக்கணும்."

சிறு வயது முதல் நான் கேட்டு வளர்ந்த வார்த்தைகள் இவை. ஆனால், கேட்டே ஆகவேண்டிய ஒருநாளில் அவற்றை மறந்துபோனேன்.

முதுகில் ஓடிய குளிர்

கடல்சார் அறிவியல் மேற்படிப்புக்காக ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இருந்தபோது நடந்தது இது. கடலடித் தாவரங்களைக் கணக்கெடுக்க நாங்கள் முக்குளிக்க வேண்டியிருந்தது. நம் ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளில் கடல்நீரின் வெப்பநிலை பெரும்பாலும் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். மெல்லிய முக்குளிப்பு உடையே போதும். அங்கோ பிப்ரவரி மாதத்தில் கடல் ஏறக்குறைய 7 டிகிரி. நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும் என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். அந்த நீர் உடம்பைத் தொடர்ந்து தொட்டுக்கொண்டிருந்தால் முதலில் விரல்கள் மரத்துப்போகும். பிறகு சிந்தனையும் மந்தமாகும்.

அதனால்தான் அங்கே 'டிரைசூட்' எனப்படும் உலர் உடையை அணிகிறார்கள். கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டை இறுக்கிப் பிடிக்கும். உடைக்குள் நீர் புகாது. உள்ளே தடித்த உள்ளுடை, அதற்குள் காற்று. அந்தக் காற்றுதான் நம்மைக் காக்கிறது. இத்தனை பாதுகாப்பான உடைக்குள் நாம் நுழைய ஒரு வாசல் வேண்டுமே! அந்த வாசல்தான் தோள்பட்டைக்குப் பின்னால் குறுக்கே ஓடும் நீண்ட ஜிப்.

அன்று படகு கிளம்பும் அவசரம். பின்பக்க ஜிப்பை நாமே மூட முடியாது. கூட வருபவர்தான் மூட வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு வந்ததும் ஜிப் நின்றுவிட்டது. "சிக்கியிருக்கிறது," என்றார் அவர். "பலமாக இழுங்கள்," என்றேன் நான். இழுத்தார். மூடிக்கொண்டது.

ஒன்பது மீட்டர் ஆழத்தில், முதுகில் ஓர் ஐஸ் துண்டு வழுக்கி இறங்குவதுபோல் இருந்தது. சில நிமிடங்களில் இடுப்புவரை ஈரம். மேலே போகலாம் என்று சைகை காட்டினேன். இருவரும் நிதானமாக ஏறி வந்தோம். நீருக்குள் இருந்தவரை உடைக்குள் புகுந்த நீரின் எடை தெரியவில்லை. படகின் ஏணியில் கால் வைத்தபோதுதான் தெரிந்தது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. இரண்டு பேர் பிடித்துத் தூக்கினார்கள். பல்லும் பல்லும் அடித்துக்கொள்ள, ஒரு மணி நேரம் போர்வைக்குள் கிடந்தேன்.

ஜிப்பில் மாட்டியிருந்தது என் உள்ளுடையின் ஒரு நூல். பலமாக இழுத்ததில் இரண்டு பற்கள் வளைந்துவிட்டன. இந்த வகை ஜிப்பில் பல் போனால் ஒட்டுப்போட முடியாது. முழு ஜிப்பையும் அகற்றிப் புதிது பொருத்த வேண்டும். அந்தச் செலவு என் ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவைவிட அதிகம். அதைவிட வலித்தது வேறொன்று. அது பொது உடை. அடுத்த வாரம் அதே உடையை அணிந்து இறங்கவிருந்த ஒரு மாணவரின் ஆய்வு என்னால் தள்ளிப்போனது. அதுமட்டுமா? வளைந்த பற்களை யாரும் கவனிக்காமல் இருந்திருந்தால், நீர் புகுந்திருப்பது அவருடைய முதுகில்.

உடைகளைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பர் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதற்குக் கடைசியாக எப்போது மெழுகு தேய்த்தாய்?"

எனக்கு அப்பாவின் மெழுகுவர்த்தி ஞாபகம் வந்தது.

பல் பிடிக்கும், ரப்பர் தடுக்கும்

இன்று நாம் பயன்படுத்தும் ஜிப்பின் வடிவத்தை 1913-இல் உருவாக்கியவர் கிடியோன் சுண்ட்பாக், சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பொறியாளர். அதற்கு 'ஸிப்பர்' என்று பெயர் வைத்தது 1923-இல் ஒரு ரப்பர் நிறுவனம். குட்ரிச் என்ற அந்நிறுவனம் தன் ரப்பர் காலணிகளில் அதைப் பொருத்தி விற்றது.

பள்ளிப்பை ஜிப்பில் பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். ஆனால் இடுக்குகளில் நீர் புகும். உலர் உடையின் உலோக ஜிப்பில் பற்களுக்கு நடுவே ரப்பர் பூசிய இரண்டு விளிம்புகள் உண்டு. பற்கள் அந்த விளிம்புகளை நெருக்கிப் பிடிக்க, அவை உதடுகள்போல் ஒட்டி நிற்கும். நீரைத் தடுப்பது ரப்பர். ரப்பரை அழுத்திப் பிடிப்பது பற்கள். ஒரு பல் வளைந்தாலும், ஒரு நூல் இடையில் மாட்டினாலும் அந்த இடத்தில் உதடு திறந்துவிடும். இது புரிந்துவிட்டால் பராமரிப்பு முறையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

நான் கற்றுக்கொண்டவை

1. கழுவுங்கள். கடலிலிருந்து வந்ததும் ஜிப்பை நல்ல நீரில் அலச வேண்டும். உப்பும் மணலும் பற்களை அரைத்துத் தேய்த்துவிடும். மென்மையான சோப்பு நீரும் பழைய பல்துலக்கியும் போதும். பிறகு நிழலில் உலர விட வேண்டும்.

2. பாருங்கள். பல் வளைந்திருக்கிறதா, நூல் பிரிந்திருக்கிறதா, ரப்பரில் வெடிப்பு தெரிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பிரிந்த நூலை இழுக்காமல் கத்தரிக்க வேண்டும்.

3. மெழுகிடுங்கள். உலோக ஜிப் என்றால், மூடிய நிலையில் வெளிப்பக்கப் பற்களில் மட்டும் பாரஃபின் மெழுகையோ தேன்மெழுகையோ மெல்லியதாகத் தேய்க்கலாம். அதிகமானால் மணல் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் ஜிப்புக்கு மெழுகு கூடாது. அதற்கெனத் தரப்படும் சிலிக்கோன் பசையை, குறிப்பாக ஜிப்பின் தலை போய் அமரும் முனையில், சிறிதளவு பூச வேண்டும். எந்த வகைக்கும் சிலிக்கோன் ஸ்பிரே அடிக்காதீர்கள். அது துணிக்குள் ஊறிவிட்டால், பின்னாளில் புது ஜிப் பொருத்தும்போது பசை பிடிக்காது.

4. நேராக இழுங்கள். ஒரு கையால் பட்டையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பற்களின் திசையிலேயே இழுக்க வேண்டும். உடைக்குள் நுழையும்போதும் வெளிவரும்போதும் முழுவதும் திறக்க வேண்டும். பாதி திறந்த ஜிப்புக்குள் உடம்பை நுழைத்தால் முழுப் பாரமும் அந்த ஓரிடத்தில் விழும்.

5. கடைசிவரை மூடுங்கள். ஒரு சென்டிமீட்டர் திறந்திருந்தாலும் நீர் புகும். மூடிய நண்பர் மட்டும் பார்த்தால் போதாது. இன்னொருவரும் பார்க்க வேண்டும்.

6. மடிக்காதீர்கள். ஜிப் கூர்மையாக மடியாதபடி உடையைத் தளர்வாகச் சுருட்டி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். திறந்து வைப்பதா, மூடி வைப்பதா என்பது ஜிப்பின் வகையைப் பொறுத்தது. தயாரிப்பாளரின் கையேட்டைப் பாருங்கள்.

பாட்டிக்குத் தெரிந்த வேதியியல்

மடிப்பு ஏன் ஆகாது? இதற்கான விடை வேதியியலில் இருக்கிறது. இயற்கை ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. வல்கனைசேஷன் செய்த பிறகும் அவற்றில் பல மிஞ்சி நிற்கும். காற்றிலுள்ள ஓசோன் அந்தப் பிணைப்புகளைத் தாக்கி உடைக்கும். ரப்பர் இழுபட்ட நிலையில் இருந்தால் அங்கே வெடிப்பு தோன்றும். மடித்த ஜிப்பின் வெளிவளைவு எப்போதும் இழுபட்ட நிலையில்தான் இருக்கும். ஓடும் மின்மோட்டார் அருகே ஓசோன் உருவாகலாம் என்பதால், அதன் பக்கத்திலும் உடையை வைக்கக் கூடாது. கழுத்துப் பட்டை இயற்கை ரப்பராக இருந்தால் எண்ணெயும் எதிரிதான். எண்ணெய் பட்டால் அது உப்பி வலுவிழக்கும்.

என் பாட்டி பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனாலும், "ரப்பர் செருப்ப வெயில்ல போடாத, மண்ணெண்ணெ படவிடாத," என்று அடிக்கடி சொல்வார். எனக்கு அதன் காரணம் புரியப் பாடநூலும் ஒரு குளிர்ந்த கடலும் தேவைப்பட்டன.

நமக்கு எதற்கு இது?

நம் நாட்டில் உலர் உடையைப் பார்ப்பதே அரிது என்று நினைக்கலாம். உலர் உடை குளிருக்கு மட்டுமல்ல; அசுத்த நீரில் இறங்கும் முக்குளிப்பாளர்களும் உலகெங்கும் இதை அணிகிறார்கள். எலிச்சிறுநீர்க் கிருமி கலந்த வெள்ளநீர் உடம்பில் படுவதன் ஆபத்து நமக்குத் தெரியாததல்ல. அங்கே ஜிப் கசிந்தால் உள்ளே வருவது நோய்.

நம்மில் பலர் கடலில் இறங்கப் போவதில்லை. ஆனால் ஆய்வகக் கருவியையோ, சீருடை இயக்கத்தின் கூடாரத்தையோ, விளையாட்டுக் குழுவின் சாதனத்தையோ எல்லோரும் கையாளப் போகிறோம். பொதுப் பொருள் என்றால், "வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்ற எண்ணம் வந்துவிடுகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது. அந்த உடையின் ஜிப்புக்கு நான் ஒருமுறைகூட மெழுகு தேய்த்திருக்கவில்லை.

விடுமுறையில் வீடு திரும்பியதும் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். ஏணியில் தூக்கிவிட்டதுவரை கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அங்க மெழுகுவர்த்தி கெடைக்காதாம்மா?" என்றார். மீண்டும் கிளம்பும் நாளில் பெட்டியைத் திறந்தால், பழைய செய்தித்தாளில் சுற்றிய இரண்டு மெழுகுவர்த்திகள் இருந்தன.

இன்றிரவு உங்கள் பள்ளிப்பையை எடுத்துப் பாருங்கள். பற்களில் சேர்ந்த அழுக்கைத் துடைத்து, மெழுகுவர்த்தியை ஒருமுறை ஓட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. சிக்கினால் மட்டும் இழுக்காதீர்கள். பின்னால் கொண்டுபோய் என்ன மாட்டியிருக்கிறது என்று பாருங்கள்.