ஊர் நீரை ஊராரே காப்போம்

ஓர் ஊருக்கு வெளியிலிருந்து வரும் கேடு எப்போதும் பகைவனைப் போல் வருவதில்லை. சில வேளைகளில் அது கையில் ரொக்கத்துடன் நண்பனைப் போல் வருகிறது. வட சென்னையை அடுத்துள்ள மீஞ்சூர் வட்டாரம் இதற்குத் தக்க சான்றாகும்.

இராயபுரம், திருவொற்றியூர், மணலி, எண்ணூர் என நகரமும் ஆலைகளும் பெருகப் பெருக, அவற்றின் நீர்த் தேவையும் பெருகிற்று. கொசஸ்தலை, ஆரணி ஆற்றுப் படுகைகளின் நிலத்தடி நீர் 1960-களின் இறுதியிலிருந்து நகருக்கு எடுக்கப்பட்டது. பின்னர்த் தண்ணீர் லாரிகளும் கிராமங்களை நாடி வந்தன. விளைவு யாது? 1969-ல் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை நிலத்தடியில் பரவியிருந்த உவர் நீர், 1983-ல் 7 கிலோமீட்டரையும், 1987-ல் 9 கிலோமீட்டரையும் எட்டியதென ஆய்வுகள் காட்டின.

உவர் ஏறுவது எவ்வாறு?

நன்னீர் கடல் நீரைவிட இலேசானது. ஆகவே, கடலோர நிலத்தடியில் அது உவர் நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் 1 அடி தாழ்ந்தால், அடியிலுள்ள உவர் நீர் ஏறத்தாழ 40 அடி மேலெழும் என்பது கணக்கு. ஒருவர் தம் கிணற்றை மிகுதியாக இறைத்து விற்றால், விற்காத அயலாரின் கிணறும் கரிக்கும். பணம் ஒருவருக்கு, நட்டம் ஊருக்கு. உவர் ஏறிய நிலம் மீளப் பல்லாண்டுகள் ஆகும்.

நாம் செய்ய வேண்டுவன

1. தனியே விடை கூறாதிருத்தல். நீரோ, ஏரி மண்ணோ விலைக்குக் கேட்டு வருபவரிடம், "ஊர்க் கூட்டத்தில் கேட்டுச் சொல்கிறோம்" என்று கூறுவதே முதற் காப்பு. மறைவில் பேசப்படும் விலை, சபையில் பேசப்படும்போது அதன் உண்மை உருவைக் காட்டிவிடும்.

2. அளந்து எழுதுதல். சில கிணறுகளைத் தேர்ந்து, திங்கள்தோறும் நீர்மட்டத்தையும் உப்பின் அளவையும் குறித்து, ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். வாய்ச் சொல்லுக்கு இல்லாத வலிமை கணக்கிற்கு உண்டு.

3. தீர்மானம் இயற்றுதல். கிராம சபை ஆண்டில் 6 முறை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளன்று கூடும் சபை இதற்கு மிகவும் ஏற்றது.

4. சட்டத்தைத் துணைக்கொள்ளுதல். 1987-ஆம் ஆண்டின் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர்ச் சட்டம், அதன் எல்லைக்குட்பட்ட ஊர்களில் நீரை விற்பனைக்காக எடுப்பதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் உரிமம் வேண்டும் என்கிறது. உழவுக்கென வழங்கும் இலவச மின்சாரத்தால் இறைத்த நீரை விற்பதும் முறையன்று. உரிமமில்லாத லாரியின் எண்ணையும் நேரத்தையும் குறித்து, வட்டாட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கலாம். வழி மறித்துச் சண்டையிடல் வேண்டா.

5. விற்பவரின் இடரைத் தீர்த்தல். பெரும்பாலோர் பேராசையால் விற்பதில்லை. கடனாலும் விளைச்சல் குறைவாலும் விற்கின்றனர். அவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடன் உரிய காலத்தில் கிடைக்கவும், நெல்லுக்கு மாற்றாக உளுந்து, பயறு முதலிய குறைந்த நீர்ப் பயிர்கள் செய்யவும் ஊராட்சி மன்றத்தார் துணை நிற்க வேண்டும். இதைச் செய்யாது தடை மட்டும் விதித்தால், அத்தடை நிலைக்காது.

6. நீரைத் திரும்பச் சேர்த்தல். ஏரி, குளங்களைத் தூர் வாரி, வரத்துக் கால்களைச் சீர் செய்து மழை நீரைத் தேக்கினால், நன்னீர் மட்டம் உயர்ந்து உவரைக் கீழே அழுத்தும்.

நகரின் தேவையை நாம் மறுக்கவில்லை. அதற்கு வேறு வழிகள் உள. காட்டுப்பள்ளியில் 2010-ல் தொடங்கிய ஆலை, கடல் நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் ஆக்கும் திறனுடன் அமைக்கப்பட்டது. கொடுங்கையூரில் 2019-ல் அமைந்த நிலையம், கழிவு நீரைத் தூய்மை செய்து ஆலைகளுக்கு அளிக்கிறது. இவ்வழிகள் வளரட்டும்.

வெளியார் வற்புறுத்தல் தனி மனிதனை எளிதில் வெல்லும். கூடி முடிவெடுக்கும் ஊரை வெல்லாது. அடுத்த கிராம சபையிலேயே இப்பணியைத் தொடங்குவோமாக!