உங்களுக்குத் தெரியுமா? பழைய பட்டும் இணைய ஏலமும்

திருப்புட்குழியில் கோயில் பக்கத்துத் தெருக்களில் அவ்வப்போது ஒரு மைக் குரல் வரும். "பழைய பட்டுப்புடவை, கிழிஞ்ச பட்டுப்புடவை, ஜரிகை வேட்டி எடுக்கிறதூ..." அந்தக் குரலுக்குக் கதவைத் திறப்பதா, படம் எடுத்து இணையத்தில் போட்டு நல்ல விலைக்குக் காத்திருப்பதா? காஞ்சிபுரம் வட்டாரத்தில் பீரோ நிறையப் பட்டு வைத்திருக்கும் வீடுகளில் இப்போது இதுதான் பேச்சு. அதற்காகச் சேர்த்த சங்கதிகள் இவை.

★ 'ஏலம்' போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். அவர்கள் 'லெய்லாவ்' என்றார்கள். அவர்களுக்கு அது அரபியிலிருந்து போனது. 'ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்' மட்டும் நம்முடையது.

★ காஞ்சிபுரத்தில் ஜரிகையை 'மார்க்' கணக்கில்தான் பேசுவார்கள். 1 மார்க் 242 கிராம். 1971-ல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் தன் ஜரிகைக்கு நெடுங்காலம் வைத்திருந்த அளவு: வெள்ளி 40 சதவீதம், செம்பு 35.5, பட்டு 24, தங்கம் 0.5. அப்படியானால் ஒரு மார்க் ஜரிகை போட்ட புடவையில் ஏறக்குறைய 97 கிராம் வெள்ளியும் 1.2 கிராம் தங்கமும் இருக்கின்றன. உருக்கும்போது கொஞ்சம் சேதாரம் போகும். எடுப்பவருக்கும் லாபம் வேண்டும். ஆனாலும் இந்தக் கணக்கு தெரியாமல் புடவையை யார் கையிலும் கொடுக்காதீர்கள். பழைய புடவையை எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்ட வீடுகள் நம் பக்கம் எத்தனையோ. அந்தப் பாத்திரத்தைவிடப் பல மடங்கு விலை பெறும் வெள்ளி அன்று வாசல் தாண்டிப் போனது.

★ அசல் ஜரிகையின் உள்ளே சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு நூல் இருக்கும். முந்தியின் ஓரத்தில் ஒரே ஒரு இழையை எடுத்து நகத்தால் அழுத்திச் சுரண்டுங்கள். சிவப்பு தெரிந்தால் நல்லது. வெள்ளை நூலோ நைலான் பளபளப்போ தெரிந்தால் அது போலி ஜரிகை, உருக்க எதுவும் இல்லை.

★ நம் நாட்டில் வீட்டுச் சாமானை ஏலம் விடும் பெரிய தளம் ஒன்று இருந்தது. 2000-ல் 'பாஸி' என்ற பெயரில் தொடங்கியது. 2004-ல் அமெரிக்காவின் ஈபே ஏறக்குறைய 5 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கியது. 2017-ல் அது ஃபிளிப்கார்ட் கைக்குப் போய், 2018 ஆகஸ்ட் 14-ல் மூடப்பட்டது. இன்று ஓஎல்எக்ஸ் போன்ற இடங்களில் நடப்பது ஏலமில்லை, பேரம். "லாஸ்ட் பிரைஸ் என்ன?" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் பாதி வேலை.

★ ஈபேயில் முதலில் விற்ற பொருள், 1995-ல், ஒரு உடைந்த லேசர் பாயின்டர். விலை 14.83 டாலர். வாங்கியவர் உடைந்த லேசர் பாயின்டர்களைச் சேர்ப்பவராம். இதைச் சிரித்துவிட்டுக் கடந்துபோக எனக்கு மனமில்லை. தெருவில் பத்துப் பைசா பெறாத பொருளை எங்கோ ஒருவர் தேடிக்கொண்டிருக்கலாம். இணைய ஏலத்தின் முழு பலமும் அந்த ஒருவரைக் கண்டுபிடிப்பதில்தான். அப்படி ஒருவர் இருக்க வழியில்லாத பொருளுக்கு (பிளாஸ்டிக் நாற்காலி, பழைய மிக்சி, இரும்புக் கட்டில்) ஏலம் வீண் அலைச்சல். அவற்றைக் காயலான் கடைக்கே போடலாம், தேவைப்படும் வீட்டுக்கு எடுத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

★ ஏலத்தில் ஒரே ஒருவர் மட்டும் கேட்டால் பொருள் ஆரம்ப விலைக்கே போய்விடும். ஈபே முறையில், ஜெயிப்பவர் தான் மனதில் வைத்த உச்ச விலையைத் தருவதில்லை. அடுத்தவர் கேட்டதற்கு மேல் ஒரு படி மட்டும் தருகிறார். இதற்கு நெருங்கிய முறையை 1961-ல் அலசி எழுதிய வில்லியம் விக்ரி 1996-ல் பொருளாதார நோபல் பெற்றார். அறிவித்த மூன்றாம் நாளே காலமானார். நமக்கு இதில் உள்ள பாடம் எளிது. 'குறைவாகப் போட்டால் கூட்டம் வரும்' என்ற பேச்சை நம்பி, மனசு ஒப்பாத விலையில் ஏலத்தைத் தொடங்காதீர்கள்.

★ கானெமன், நெட்ச், தேலர் மூவரும் 1990-ல் வெளியிட்ட சோதனை ஒன்று. சில மாணவர்களுக்குக் காபிக் கோப்பையைக் கொடுத்து, என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள்: ஏறக்குறைய 7 டாலர். கோப்பை கிடைக்காதவர்கள் தர முன்வந்தது 3 டாலருக்கும் கீழே. கையில் கொடுத்துச் சற்று நேரமே ஆன கோப்பைக்கே இந்த வித்தியாசம் என்றால், முகூர்த்தத்துக்கு உடுத்திய கூறைப்புடவைக்கு?

★ 100 வருடம் தாண்டிய சிலை, விளக்கு, செம்புப் பாத்திரம் எல்லாம் 1972-ம் வருடச் சட்டப்படி தொல்பொருள் ஆகலாம். உரிமம் இல்லாமல் அவற்றை வியாபாரம் செய்யக் கூடாது. வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். ஓலைச்சுவடி போன்ற கையெழுத்துப் பிரதிகளுக்கு 75 வருடமே கணக்கு. தாத்தா காலத்துப் பூஜைச் சாமானைப் படம் எடுத்துப் போடும் முன் இதை நினைவில் வையுங்கள்.

★ பணம் வாங்க யுபிஐ ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. "க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துடும்" என்று வாங்குபவர் சொன்னால், ராணுவத்தில் இருப்பதாக அடையாள அட்டை அனுப்பினாலும், போனை வைத்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

★ இணைய ஏலத்தில் நன்றாகப் போகும் 'வேண்டாத பொருள்' ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: திருப்பதி தேவஸ்தானம் நீள வாரியாகத் தரம் பிரித்து மின் ஏலம் விடும் காணிக்கை முடி. தரம் பிரித்த சரக்கு, டன் கணக்கு, போட்டிக்கு வியாபாரிகள் என்று மூன்றும் அங்கே உண்டு. நம் வீட்டு ஒற்றைப் புடவைக்கு இந்த மூன்றில் ஒன்றும் கிடையாது.

★ என் மாமியாரின் புடவை ஒன்று. அரக்கு உடம்பு, பச்சைக் கரை, முந்தியில் ஒரு சாண் ஜரிகை. வருடக்கணக்கில் மாற்றி மடிக்காமல் வைத்ததில் மடிப்பு மடிப்பாக விட்டிருந்தது. விரித்தால் பட்டு காகிதம் போலக் கீறியது. மைக் வண்டிக்காரர் கையில் எடுத்ததும் சொன்னார்: "உடம்பு போச்சும்மா. ஜரிகைக்கு மட்டும்தான் காசு." நியாயமாகவே பேசினார். தராசும் சரியாக இருந்தது. கொடுத்துவிட இருந்தேன்.

தெருக்கோடியில் தறி போட்டிருந்த பெரியவர் ஒருவர் அந்தப் பக்கமாக வந்தவர், கரையைத் திருப்பிப் பார்த்தார். "இது கோர்வை. ரெண்டு பேர் உக்காந்து மூணு நாடா ஓட்டி நெஞ்சது. இந்தத் தாழம்பூ ரேக்கைப் பாரு, அடை கட்டி எடுத்திருக்கான். இப்ப யாரு கட்டுறா? உருக்கிடாதேம்மா." முந்தி உடம்போடு சேரும் இடத்தில் பெட்னி போட்டு இணைத்த மேடு விரலுக்குத் தெரிந்தது. அதுவரை நான் அங்கே விரல் வைத்ததே இல்லை.

படம் எடுத்துப் போட்டேன். வெயிலில் ஒன்று, கரை கிட்டத்தில் ஒன்று, கிழிசல் ஒன்று, கிழிசலை மறைக்கவில்லை. மூன்று வாரம் வெறும் விசாரிப்பு. நான்காம் வாரம் கோயம்புத்தூரில் நெசவு வடிவமைப்பு கற்றுத்தரும் ஒரு அம்மா, "கரைக்காகத்தான் வேணும்" என்று எழுதினார். மைக் வண்டிக்காரர் சொன்னதைவிட ஒன்றரை மடங்கு தந்தார். படம், பதில், பார்சல், தபால் அலுவலகம் என்று நான் செலவழித்த நேரத்துக்குக் கூலி போட்டால் அந்த லாபம் கரைந்துவிடும். காசுக்காக மட்டும் என்றால் வாசலிலேயே கொடுத்திருக்கலாம்.

பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. கட்டம் போட்ட தாளில், கட்டம் கட்டமாக நிரப்பி, கரையின் அந்தத் தாழம்பூ ரேக்கு வடிவம் முழுதும் வரைந்திருந்தது. அதைத் தறிக்காரப் பெரியவரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கட்டங்களை விரலால் ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார்.