டூரோ பள்ளத்தாக்கின் திராட்சை அறுவடையும் அதனைத் தாங்கும் கரங்களும்

மேசை, சாவி, அலுமாரி, பாண் என நாம் அன்றாடம் வழங்கும் சொற்கள் பல போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. பீப்பா என்னும் சொல்லும் அவ்வாறு வந்ததேயாகும். நம்மிடையே இது வெறும் கொள்கலனின் பெயர். ஆனால், போர்த்துக்கல்லின் வடபகுதியிலுள்ள டூரோ பள்ளத்தாக்கில் 'பிப்பா' என்பது இன்றும் 550 லீற்றர் கொண்ட ஓர் அளவை. சிறு திராட்சைச் செய்கையாளன் ஒருவனின் ஆண்டு வருமானத்தை நிர்ணயிப்பதும் இந்த அளவையே.

மது இஸ்லாத்தில் விலக்கப்பட்டது. நமது சமயங்களும் நீதிநூல்களும் அதனைப் போற்றவில்லை. எனவே, இங்கு நாம் பேச விழைவது பானத்தைப் பற்றியன்று. அதன் பின்னாலுள்ள உழைப்பையும் அவ்வுழைப்பைச் சூழ்ந்து வளர்ந்த பண்பாட்டையும் பற்றியேயாகும்.

ஸ்பெயினில் ஊற்றெடுக்கும் டூரோ ஆறு, போர்ட்டோ நகரருகே அத்திலாந்திக் சமுத்திரத்தில் கலக்கின்றது. அதன் இருமருங்கிலும் எழும் செங்குத்தான பாறைச் சரிவுகளைத் தலைமுறை தலைமுறையாக மக்கள் உடைத்து, சாந்து பூசாத கல்மதில்களை எழுப்பிப் படிக்கட்டு வயல்களாக்கினர். 1756ஆம் ஆண்டு, பின்னாளில் பொம்பால் பிரபு எனப் பெயர்பெற்ற அமைச்சர், இப்பிரதேசத்தின் எல்லைகளை வரையறுக்க வழிசெய்தார்; பின்னர் அவ்வெல்லைகளில் கருங்கல் தூண்கள் நாட்டப்பட்டன. எல்லை வகுத்துச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட உலகின் மிகப் பழைய திராட்சைப் பிரதேசங்களுள் இதுவும் ஒன்று. 2001ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

அறுவடையை அங்கு 'விண்டிமா' என்பர். வழமையாக செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் நடைபெறும் இது, அண்மைக்கால வெப்ப அதிகரிப்பினால் சில ஆண்டுகளில் ஓகஸ்ட் மாதத்திலேயே தொடங்கிவிடுகின்றது. ஒடுங்கிய படிகளில் இயந்திரங்கள் ஏற முடியாது. ஆகவே, பெரும்பாலான குலைகளைக் கத்தரிக்கோல் கொண்டு கையாலேயே வெட்ட வேண்டும். முற்காலத்தில் மலைக் கிராமங்களிலிருந்து 'ரோகா' எனப்படும் கூட்டங்கள் ஒரு தலைவனின் கீழ் நடந்தே வந்துசேரும். பெண்கள் குலைகளை வெட்டுவர். ஆண்கள் ஐம்பது கிலோவுக்கும் மேற்பட்ட கூடைகளை நெற்றிப்பட்டியின் துணையுடன் முதுகில் சுமந்து இறங்குவர். கொழுந்துக் கூடையின் பாரத்தை அறிந்த நம் மலையக மக்களுக்கு இக்காட்சி புதியதாக இராது.

பகலில் வெட்டிய பழங்களை இரவில் 'லகார்' எனும் கருங்கல் தொட்டியிலிட்டு மிதிப்பர். உழைப்பாளர் ஒருவர் தோளை மற்றவர் பற்றி அணிவகுத்து, தாளத்திற்கேற்ப முன்னும் பின்னுமாக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிதிப்பது முதற்கட்டம். அது முடிந்ததும் இசைக்கருவி முழங்க, விரும்பியவாறு ஆடிப் பாடி மிதிப்பர். இந்த இரண்டாம் கட்டத்திற்கு அவர்கள் இட்ட பெயர் 'சுதந்திரம்' என்பதாகும். பாதம் தோலை நசுக்குமேயன்றி விதையை உடைக்காது. எனவே கசப்பு வெளிவருவதில்லை. இன்று பெரும்பாலும் இயந்திரங்களே இப்பணியைச் செய்கின்றபோதிலும், சில தோட்டங்கள் மரபைக் கைவிடவில்லை. இறுதிநாளில் அலங்கரித்த கிளையொன்றை ஊர்வலமாகக் கொணர்ந்து தோட்ட உரிமையாளரிடம் கையளிப்பதும் அம்மரபின் ஓர் அங்கமாகும்.

உழைப்பாளரின் உணவில் பாண், உப்பிட்ட மீன், கோவாவகைக் கீரை இட்ட சூப், ஒலிவ் எண்ணெய் ஆகியன இடம்பெறும். ஒலிவ் எண்ணெயைக் குறிக்கும் 'அசெய்ட்டி' என்ற போர்த்துக்கேயச் சொல் அரபு மூலத்தையுடையது. மழை வேண்டியோ நல்விளைச்சல் வேண்டியோ அவர்கள் கூறும் 'ஒஷலா' என்ற சொல்லும், இறைவன் நாடினால் என்னும் பொருளுடைய அரபுத் தொடரிலிருந்து பிறந்தது. அந்நாட்டில் நிலவிய முஸ்லிம் ஆட்சி பதின்மூன்றாம் நூற்றாண்டில் முடிவுற்றபோதிலும், அதன் சொற்கள் உழவனின் நாவில் இன்னும் வாழ்கின்றன.

எனினும் இவ்வழகிய காட்சியின் மறுபக்கத்தையும் நாம் நோக்க வேண்டும். 1960களில் பிரான்ஸ் முதலிய நாடுகளுக்குப் பெருந்தொகையான போர்த்துக்கேயர் தொழில் தேடிப் புறப்பட்டனர். மலைக் கிராமங்கள் வெறிச்சோடின. எஞ்சியோர் முதுமையடைந்துவிட்டனர். அந்த வெற்றிடத்தை இன்று ஒப்பந்தகாரர்கள் திரட்டும் தொழிலாளர் குழுக்கள் நிரப்புகின்றன. இந்தியா, நேபாளம், பங்களாதேஷ் ஆகிய நாட்டவரும் இவற்றுள் அடங்குவர். செய்கையாளனின் நிலையும் நன்றாக இல்லை. போர்ட் வைனுக்கென அனுமதிக்கப்படும் அளவு 2024இல் 90,000 பிப்பாவாகவும், 2025இல் 75,000 பிப்பாவாகவும் குறைக்கப்பட்டது. உரிமையாளனின் வருவாய் சுருங்கும்போது அச்சுமை கூலியாளின் தோளிலேயே வந்திறங்குகின்றது.

நாட்டின் தென்பகுதியிலுள்ள ஒடமிரா பிரதேசத்தில் 2021ஆம் ஆண்டு கொரோனா பரவியபோது, பண்ணைத் தொழிலாளர் நெரிசலான இருப்பிடங்களில் வாழ்ந்தமை வெளிச்சத்திற்கு வந்தது. அறுவடைக் காலத்தில் பாடலும் ஆடலும் உண்டு என்பது உண்மையே. ஆயின், ஒப்பந்தப் பத்திரமின்றி, தங்குமிடத்திற்கும் போக்குவரத்திற்கும் கூலியில் வெட்டு விழ, மொழியறியாது நிற்பவனுக்கு அப்பாடல் கேட்பதில்லை.

வெளிநாட்டு வேலைவாய்ப்பை நாடும் நமது இளைஞர்கள் இதனை மனங்கொள்வது அவசியம். சுற்றுலா விசாவில் சென்று தொழில்புரிய அனுமதியில்லை. நாட்டுக்குள் நுழைந்தபின் வேலை தேடிக்கொண்டு வதிவிட உரிமை கோரும் வழியும் 2024 ஜூன் மாதத்தில் மூடப்பட்டுவிட்டது. 'போய்ச் சேர்ந்தால் போதும், பின்னர் பார்த்துக்கொள்ளலாம்' என்று முகவர்கள் கூறும் வார்த்தை இன்று பொருளற்றது. முறையான தொழில் விசா, கையொப்பமிட்ட ஒப்பந்தம், கூலியும் வேலைநேரமும் தங்குமிடக் கழிவும் எழுத்தில் இருத்தல் ஆகிய மூன்றையும் புறப்படுமுன்னரே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

டூரோவின் கல்மதில்களை உலகம் மரபுரிமையெனப் போற்றுகின்றது. அம்மதில்களைக் கட்டியவர்களின் பெயர்கள் எந்தத் தூணிலும் பொறிக்கப்படவில்லை. இன்று அங்கு குலை வெட்டுவோர் எம்மொழி பேசினும், அவர்களுக்குரிய கூலியும் கண்ணியமும் உரிய வேளையில் கிடைப்பதே அம்மரபுக்குச் செய்யும் மெய்யான மரியாதையாகும்.