சுமை இறக்கும் பொறிக்கை

சுமையை ஏற்றுவது அரிது, இறக்குவது எளிது என்பது மக்கள் அனுபவம். தலைச்சுமையை ஏற்றிவிட இன்னொருவரின் கை வேண்டும். இறக்குவதற்குத் தெருவோரத்துச் சுமைதாங்கிக் கல்லே போதும். ஆயின், தொழிற்சாலைகளிலே மனிதனுக்குப் பதிலாகச் சுமை தூக்கும் பொறியை நிறுத்த முயன்ற பொறியியலாளர் இதற்கு நேர்மாறான உண்மையைக் கண்டனர். அடுக்குதல் அப்பொறிக்கு எளிது. அடுக்கியதை இறக்குதலே அரிது. இவ்வேறுபாடு எங்ஙனம் எழுந்தது, அறிவியல் அதனை எவ்வாறு கடந்து வருகின்றது, இதனால் தொழிலாளிக்கு விளைவது யாது என்னும் மூன்றையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதற்கண், இறக்கப்படும் பொருள்கள் தொழிற்சாலைக்கு வந்துசேரும் முறையை அறிதல் வேண்டும். குளிர்பானம், பழரசம், மருந்து முதலியவற்றை ஆக்கும் தொழிற்சாலைகளுக்கு வெற்றுப் போத்தல்களும் தகரப்பேணிகளும் மூலப்பொருள் நிறைந்த பெட்டிகளும் ஒவ்வொன்றாக வருவதில்லை. ‘பலெட்’ எனப்படும் மரத்தட்டின்மீது வரிசை வரிசையாக அடுக்கப்பட்டு, மெல்லிய பிளாஸ்டிக் தாளினாற் சுற்றப்பட்டு வருகின்றன. தட்டின் அடியிலுள்ள இடைவெளியில் தூக்குவண்டி தன் இரு இரும்புக் கவர்களையும் நுழைத்து, முழு அடுக்கையும் ஒரே முறையில் தூக்கிச் செல்லும். ஐரோப்பாவிற் பெருவழக்கான தட்டு 1200 மில்லிமீற்றர் நீளமும் 800 மில்லிமீற்றர் அகலமும் உடையது. லொறியிலிருந்து தொழிற்சாலைக்குள்ளே ஒரு தொன் பாரத்தைக் கொண்டுவரச் சில நிமிடங்களே போதும். ஆனால் உள்ளே வந்தபின் ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாக எடுத்து, நகரும் பட்டியின்மீது வைத்தாக வேண்டும். இவ்விடத்திலேதான் மனிதனின் முதுகு தேவைப்பட்டது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 கிலோ நிறையுள்ள பெட்டிகளை நிமிடத்துக்கு 6 ஆக ஒருவர் இறக்குகின்றார் எனக் கொள்வோம். 7 மணி நேரத்தில் அவர் 2,520 பெட்டிகளை எடுத்து வைப்பார். அவருடைய கைகளினூடாகச் சென்ற பாரம் 30 தொன்னுக்கு மேற்பட்டது. உச்சியிலுள்ள பெட்டியைத் தோளுக்கு மேலே கைநீட்டி எடுத்தல் வேண்டும். அடியிலுள்ளதை முழங்காலுக்குக் கீழே குனிந்து எடுத்தல் வேண்டும். குனிந்து, தூக்கி, உடலைத் திருப்பும் அசைவை மீள மீளச் செய்தல் முள்ளந்தண்டின் இடைத்தட்டுகளை நலிவிக்கும். ஐக்கிய அமெரிக்காவின் தேசியத் தொழிற்பாதுகாப்புச் சுகாதார நிறுவனம் 1991இல் திருத்தியமைத்த சூத்திரம், மிக வாய்ப்பான நிலையிலும் தூக்கத்தக்க பாரத்தை 23 கிலோ என வரையறுக்கின்றது. பின்பு குனிதல், திரும்புதல், தூரம், அடிக்கடி செய்தல் ஆகிய ஒவ்வொன்றுக்காகவும் அவ்வளவைக் குறைத்துக்கொண்டே செல்கின்றது. புறக்கோட்டையிலே மூட்டை சுமக்கும் நாட்டாமைகளைக் கண்டவர்களுக்கு இச்சூத்திரத்தின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வேலையைப் பொறியிடம் ஒப்படைக்கும் எண்ணம் புதியதன்று. ‘றோபோ’ என்னும் சொல்லே செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட நாடகத்தின் வழியாக உலக வழக்கிற்கு வந்தது. கட்டாய ஊழியம் எனப் பொருள்படும் செக் மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது அது. 1954இல் அமெரிக்கரான ஜோர்ஜ் டெவோல், பொருள்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றும் பொறியொன்றுக்குக் காப்புரிமை கோரினார். 1961இல் அது வழங்கப்பட்டது. அவரும் ஜோசப் எங்கல்பேர்கரும் உருவாக்கிய ‘யுனிமேற்’ என்னும் பொறிக்கை, அதே 1961இல் நியூ ஜேர்சியிலிருந்த ஜெனரல் மோட்டோர்ஸ் தொழிற்சாலையில் வேலைக்கு அமர்த்தப்பட்டது. மனிதர் நெருங்கவொண்ணாத சூடுடைய வார்ப்புலோகத் துண்டுகளை எடுத்து அப்பாற்படுத்துதல் அதன் பணி. அஃது இரவுபகலாக உழைக்கவல்லது. ஆயினும் அதற்குக் கண் இல்லை. நினைவில் பதித்த அசைவுகளை அது மாறாமல் மீளச் செய்தது. துண்டு இருக்கவேண்டிய இடத்தில் இல்லையெனின் வெறும் வெளியையே பற்றியது.

நாம் முன்னர்க் குறிப்பிட்ட வேறுபாட்டின் மூலம் இங்கேயே உள்ளது. அடுக்கும் பொறிக்கு யாவும் தெரிந்தவை. பெட்டி பட்டியின் குறித்த இடத்தில் வந்து நிற்கும். அதனை எங்கே வைக்கவேண்டும் என்பதைப் பொறியே தீர்மானிக்கும். இறக்கும் பொறிக்கோ பிறர் அடுக்கியது வந்துசேர்கின்றது. வழியிலே லொறி குலுங்கியிருக்கும், அடுக்குச் சரிந்திருக்கும், அடிப்பெட்டி நசுங்கியிருக்கும், சில வேளைகளில் வெவ்வேறு அளவுள்ள பெட்டிகள் ஒரே தட்டில் கலந்தும் வரும். அடுக்குபவன் ஒழுங்கை ஆக்குகின்றான். இறக்குபவன் அவ்வொழுங்கு எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதைக் கண்டறிதல் வேண்டும். கல்வியறிவில்லாத கூலியாள் என்று நாம் எண்ணும் ஒருவர் இதனைக் கணப்பொழுதிற் செய்துவிடுகின்றார். அவர் வேலையில் உடல்வலிமை மட்டுமே உள்ளதென உலகம் எண்ணியிருந்தது. அதிற் கலந்திருந்த அறிவின் அளவு, பொறிக்கு அதனைக் கற்பிக்க முற்பட்டபோதே வெளிப்பட்டது.

பொறிக்குக் கண்ணாக அமைவது, அடுக்கின் மேலே பொருத்தப்பட்ட கமரா. இரு கண்களாற் பார்ப்பது போல இரு கமராக்களைக்கொண்டோ, ஒளிக்கோலங்களைப் பெட்டிகள்மீது வீசி அவை வளையும் வகையை அளந்தோ, ஒவ்வொரு புள்ளியின் தூரமும் கணிக்கப்படுகின்றது. ஆனால் தூரம் தெரிவதனால் பெட்டி தெரிந்துவிடாது. ஒரே உயரமுள்ள இரு பெட்டிகள் இடைவெளியின்றி ஒட்டிநின்றால் அவை ஒரே பரப்பாகத் தோன்றும். அட்டைமீது அச்சிட்ட கோட்டைப் பொறி விளிம்பு என மயங்கும். பளபளக்கும் தாள் ஒளியைச் சிதறடிக்கும். கரிய பரப்பு ஒளியை விழுங்கும். இம்மயக்கத்தைத் தீர்க்க, எண்ணற்ற பெட்டிப் படங்களைக் காட்டிக் கணினியைப் பழக்குகின்றனர். ஐயம் நீங்காதவிடத்து, பொறிக்கை பெட்டியின் ஒரு பகுதியைப் பற்றிச் சிறிது உயர்த்தி, மறுபடியும் பார்த்து, உடன் அசைந்தது எது, அசையாதது எது என்பதைக்கொண்டு எல்லையை உறுதி செய்வதும் உண்டு. இருளில் பொருளைத் தடவி அறியும் மனிதனின் வழியும் இதுவே.

கண் கண்டதைக் கை பற்றுவதற்குக் கணிதம் துணைசெய்கின்றது. கமரா தன் ஆள்கூறுகளில் இடத்தைக் கூறும். கை தன் அடித்தளத்திலிருந்து அளக்கும். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதற்குக் காவிகளும் தாயங்களும் பயன்படுகின்றன. இவற்றாற் பயன் யாது என்று உயர்வகுப்பு மாணவர் வினவுவதுண்டு. அவ்வினாவுக்குரிய விடைகளில் இஃது ஒன்று.

பற்றும் கை பெரும்பாலும் விரலற்றது. இறப்பர் உறிஞ்சுகிண்ணங்களால் ஆயது. வளிமண்டல அமுக்கம் ஒரு சதுர சதமமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ நிறைக்குச் சமம். 5 சதமமீற்றர் விட்டமுள்ள கிண்ணத்தின் பரப்பு ஏறக்குறைய 20 சதுர சதமமீற்றர். அதனுள் அமுக்கத்தை 60 வீதம் குறைத்தால், அது 12 கிலோவைத் தாங்கும். அவ்வாறாயின் 12 கிலோப் பெட்டிக்கு ஒரு கிண்ணம் போதாதோ எனின், போதாது. அட்டையினூடு வளி கசியும். கை விரைந்து திரும்பும்போது சடத்துவம் பெட்டியை வெளியே இழுக்கும். ஆதலாற் பல கிண்ணங்களை அமைத்து, தேவையினும் பன்மடங்கு வலிமையை வைத்துக்கொள்கின்றனர். மேலிருந்து உறிஞ்சினால் அடி பிரியக்கூடிய பெட்டிகளுக்குப் பக்கத்திலிருந்து பற்றி அடியிலே தாங்கும் கை வேண்டும். வெற்றுப் போத்தல்களுக்கோ முறையே வேறு. ஒவ்வோர் அடுக்குக்கும் இடையில் ஒரு தாள் இருக்கும். நாற்புறமும் சூழும் சட்டமொன்று மேலடுக்கு முழுவதையும் அணைத்துப் பட்டிக்குத் தள்ளும். பின்னர் உறிஞ்சுகை அத்தாளை அகற்றும்.

வலிய கை மனிதனுக்கு ஊறும் செய்யும். 1979 ஜனவரி 25ஆம் நாள், மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஃபோர்ட் வார்ப்பாலையில் பொருளெடுக்கச் சென்ற தொழிலாளி ஒருவர் பொறியின் கை மோதி உயிர்நீத்தார். பொறிக்கையால் இறந்த முதல் மனிதர் என அவர் குறிக்கப்படுகின்றார். தொழிற்சாலைப் பொறிக்கைகளின் பாதுகாப்புக்கென 2006இல் வெளியான அனைத்துலக நியமம் 2011இலும் 2025இலும் திருத்தப்பெற்றது. வேலியும், ஆள் நுழைந்தவுடன் பொறியை நிறுத்தும் ஒளித்திரையும் இன்று அதன் இன்றியமையா அங்கங்கள்.

இனித் தொழிலாளியின் நிலையை நோக்குவோம். 2023ஆம் ஆண்டின் முடிவில் உலகத் தொழிற்சாலைகளில் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட பொறிக்கைகள் இயங்கின. நாளொன்றுக்கு 30 தொன் பாரத்தை முதுகால் இறக்கும் வேலை ஒழிவதற்கு வருந்துவார் யாருமிலர். அவ்வேலையால் உண்டு வந்த குடும்பத்தின் உணவு ஒழியுமாயின் அதுவே வருந்தத்தக்கது. சுற்றிய தாளை அறுத்தல், உடைந்த பெட்டியை விலக்குதல், கிண்ணங்களை மாற்றுதல், தடுமாறி நிற்கும் பொறிக்கு வழிகாட்டுதல் முதலிய பணிகளுக்கு இன்றும் மனிதர் வேண்டும். நேற்றுவரை பெட்டி இறக்கியவருக்கே முறையான பயிற்சியளித்து, இப்பணிகளை உரிய ஊதியத்துடன் வழங்கும் முதலாளி, பொறியால் இருவர்க்கும் நன்மை விளைவிக்கின்றார். அவரை வாயிலுக்கு வெளியே அனுப்பிவிட்டு, எஞ்சிய சிலரைப் பொறியின் வேகத்துக்கு ஈடாக ஓடச் செய்பவரோ, பழைய கட்டாய ஊழியத்தையே புதிய உருவில் நிலைநாட்டுகின்றார். இவ்விரண்டில் எது நிகழும் என்பதைப் பொறி தீர்மானிப்பதில்லை.

அதனைத் தீர்மானிக்கும் இடங்களில் நம் பழைய மாணவர் பலர் பொறியியலாளராகவும் நிருவாகிகளாகவும் கணக்காளராகவும் அமர்ந்துள்ளனர். இன்று வகுப்பறையிலுள்ளோர் நாளை அமர்வர். பொறியின் விலையையும் அதனால் மிஞ்சும் கூலியையும் அவர்கள் ஏட்டில் எழுதும்பொழுது, அதுவரை அச்சுமையை இறக்கிய மனிதரின் எதிர்காலத்தையும் அதே ஏட்டில் ஒரு வரியாக எழுதுவாராக. பிறர் சுமையை இறக்கிவைக்கத் தெருவோரத்திலே கல் நாட்டிய முன்னோரின் வழிவந்த நமக்கு அது புதிய அறமன்று.