அப்பாவின் காலுக்கு அளவெடுங்கள்!

தீபாவளி நெருங்கினால் போதும், வீட்டில் பட்டியல் போடத் தொடங்கிவிடுகிறோம். அம்மாவுக்குச் சேலை, தங்கைக்குப் பாவாடை தாவணி, தம்பிக்குச் சட்டை... அப்பாவின் பெயர் வந்ததும் பேனா நின்றுவிடும். கேட்டால், "எனக்கு எதுக்கும்மா, இருக்கிறதே போதும்" என்பார். கடைசியில் அவசர அவசரமாக ஒரு வேட்டியை வாங்கிக் கொடுத்துக் கடமையை முடித்துக் கொள்கிறோம்.

இந்த முறை அவருக்கு ஒரு ஜோடி காலுறையை உங்கள் கையாலேயே பின்னிக் கொடுத்தால் என்ன?

சகோதரிகள் சிலர் சிரிப்பது காதில் விழுகிறது. "வேர்த்துக் கொட்டுகிற ஊரில் காலுறையா? பாசார் மாலாமில் ஸ்டோக்கிங் கட்டுக் கட்டாகத் தொங்குகிறதே!" நியாயமான கேள்விதான். ஆனால் நம்மவர்களிலேயே காலுறை தேவைப்படுவோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் கேமரன் மலையில் இரவு நேரத்தில் வெப்பம் 15 டிகிரி வரை இறங்கும். அங்கே தேயிலைத் தோட்டங்கள் உருவான காலந்தொட்டு, 1929-இல் தொடங்கிய போ தோட்டம் உட்பட, நம் மக்கள் அந்தக் குளிரில் உழைத்திருக்கிறார்கள். இனி, வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். குளிர்சாதனத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்வோர் இருக்கிறார்கள். வயதானதால் கால் சில்லிட்டுப்போகும் பெரியவர்களும், இனிப்பு நீர் நோயால் பாதத்தைக் கண்ணாகக் காக்க வேண்டியவர்களும் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

கடைக் காலுறை 'எல்லோருக்கும் பொருந்தும்' என்று சொல்லி விற்கப்படுகிறது. கையால் பின்னியது ஒரே ஒருவருக்குத்தான் பொருந்தும். அதன் பெருமையே அதுதான்.

செருப்புக்குப் பின்னிய காலுறை

காலுறை நேற்று வந்த நாகரிகம் அன்று. எகிப்தில் ஒக்சிரிங்கஸ் என்னும் பழைய நகரத்தின் இடுகாட்டில் கிடைத்த சிவப்புக் கம்பளிக் காலுறை ஜோடி ஒன்று, இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அரும்பொருளகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் பழமையானது. ஒற்றை ஊசியால் முடிச்சு முடிச்சாகக் கோத்தது. அதில் ஒரு வேடிக்கை! பெருவிரலுக்குத் தனி அறை, மற்ற நான்கு விரலுக்கும் வேறோர் அறை. வார்ச் செருப்பு போடுவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். சிலிப்பர் போட்டு நடக்கும் நமக்கு அந்த யோசனை நன்றாகவே புரியும்.

இங்கிலாந்தில் 1589-இல் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் பொறியை உருவாக்கினார். இன்று இயந்திரம் சில நிமிடங்களில் ஒரு காலுறையை உதறிப் போட்டுவிடுகிறது. ஆனாலும் கைப்பின்னல் அழியவில்லை. முதல் உலகப் போரில், 1914 முதல் 1918 வரை, சேறும் நீரும் நிறைந்த பதுங்கு குழிகளில் நாள்கணக்கில் நின்ற வீரர்களின் பாதங்கள் அழுகின. காய்ந்த காலுறை ஒரு ஜோடி கிடைத்தால் ஒரு கால் தப்பும் என்ற நிலை. ஊர் ஊராகப் பெண்கள் ஊசியைக் கையில் எடுத்தார்கள்.

முதலில் பாதம், பிறகு நூல்

பெரியவர்களின் காலைத் தொட்டு வணங்குவது நம் வழக்கம். ஆனால் தொட்டவுடன் நிமிர்ந்துவிடுகிறோம். அந்தக் காலை உற்றுப் பார்த்திருக்கிறோமா? விடியற்காலையில் பால் மரத்துக்கு நடந்து, வரப்பிலும் சேற்றிலும் தேய்ந்த கால். வெடித்த குதிகால், வளைந்த பெருவிரல், எப்போதோ பட்ட காயத்தின் தழும்பு. காலுறை பின்ன நினைப்பவர் இவற்றையெல்லாம் பார்த்தே ஆக வேண்டும்.

மாலை நேரத்தில் அளவெடுங்கள். பகலெல்லாம் நடந்து பாதம் சற்று உப்பியிருக்கும். அவரை நிற்கச் சொல்லி அளக்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் பாதம் விரியாது. விரல்களுக்குச் சற்றுப் பின்னால், பாதத்தின் அகன்ற பகுதியைச் சுற்றி ஓர் அளவு. குதிகாலின் பின்புறத்திலிருந்து நீண்ட விரலின் நுனி வரை இன்னோர் அளவு. இரண்டு காலையும் அளக்க வேண்டும். பலருக்கு இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை.

சுற்றளவு 24 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின்னல் துணி இழுபடும். ஆகவே பத்தில் ஒரு பங்கைக் கழித்தால்தான் காலோடு ஒட்டி நிற்கும். மீதி 21.6. ஒரு சென்டிமீட்டருக்கு 3 கண்ணி என்றால் ஏறத்தாழ 64 கண்ணிகள். நீளத்திலும் ஒரு சென்டிமீட்டர் குறைத்துக்கொள்ளுங்கள்.

நூலும் ஊசியும்

காலுறைக்கென்றே விற்கும் நூலில் முக்கால் பங்கு கம்பளியும் கால் பங்கு நைலானும் கலந்திருக்கும். நைலான் இல்லாவிட்டால் குதிகால் சீக்கிரம் தேய்ந்துவிடும். 100 கிராம் பந்து ஒன்றில் சுமார் 400 மீட்டர் நூல் இருக்கும்; ஒரு ஜோடிக்குப் போதும். சமவெளி வெயிலில் இருப்பவர்களுக்குப் பருத்தி கலந்த நூல் நல்லது. ஆனால் பருத்தி கம்பளியைப்போல் இழுத்தால் திரும்பிச் சுருங்காது என்பதை மறக்காதீர்கள்.

இரண்டு முனையும் கூர்மையான 2.5 மில்லிமீட்டர் ஊசிகள் ஐந்து வேண்டும். நான்கு ஊசிகளில் 16, 16 ஆகக் கண்ணிகள் நிற்கும். ஐந்தாவது ஊசி வேலை செய்யும். இப்படிச் சுற்றிச் சுற்றிப் பின்னுவதால் காலுறை குழாய் போல் இறங்கும். பக்கத்தில் தையல் வராது. முதலில் சிறு துண்டு ஒன்று பின்னி, 10 சென்டிமீட்டரில் 30 கண்ணிகள் வருகின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். வராவிட்டால் ஊசியின் அளவை மாற்றுங்கள்.

64 கண்ணிகள் போட்டு, இரண்டு நேர்க்கண்ணி, இரண்டு புரட்டுக் கண்ணி என்று 4 சென்டிமீட்டர் பின்னினால் மேல்விளிம்பு நெகிழ்ந்து கொடுக்கும். பிறகு வெறும் நேர்க்கண்ணி. மொத்தம் 16 சென்டிமீட்டர் வரும்வரை போய்க்கொண்டே இருக்கலாம். பேச்சுக் கேட்டுக்கொண்டே பின்னக்கூடிய பகுதி இது.

குதிகாலில்தான் சூட்சுமம்

நேராக இறங்கும் குழாய் எப்படி 'ட' போல் வளைகிறது? முதன்முறை பின்னுகிறவர்கள் பயப்படும் இடம் இதுதான். பயம் வேண்டாம், கணக்குதான் இருக்கிறது.

பாதிக் கண்ணிகளை, அதாவது 32-ஐ, மேற்பாதத்துக்காக ஊசியிலேயே காத்திருக்க விடுங்கள். மற்ற 32-இல் மட்டும் முன்னும் பின்னுமாக 32 வரிசை பின்னுங்கள். ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியையும் பின்னாமல் அடுத்த ஊசிக்கு மாற்றுங்கள். குதிகாலின் பின்புறத்தை மூடும் சதுர மடல் கிடைக்கும். அதன் இரு ஓரத்திலும் 16 நீண்ட கண்ணிகள் தெரியும்.

இனித்தான் திருப்பம். 18 கண்ணிகள் போய், அடுத்த இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கி, மேலும் ஒன்று பின்னி, வரிசை முடியாமலேயே திரும்பிவிடுங்கள். மறுபக்கம், முதல் கண்ணியை மாற்றி, 5 புரட்டுக் கண்ணி பின்னி, இரண்டைச் சேர்த்து, இன்னும் ஒன்று பின்னி, மறுபடி திரும்புங்கள். பின்னியதற்கும் பின்னாததற்கும் நடுவே சிறு இடைவெளி தெரியும். ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளியின் இரு பக்கக் கண்ணிகளைச் சேர்த்து, பக்கத்தில் ஒன்று பின்னித் திரும்பினால் போதும். கடைசி இரு வரிசைகளில் சேர்த்தவுடன் கண்ணி தீர்ந்துவிடும். ஊசியில் 18 கண்ணிகள் நிற்கும். கையில் பாருங்கள், சிரட்டைபோல ஒரு குழிவு வந்திருக்கும்!

மடலின் ஓரங்களில் பக்கத்துக்கு 16 கண்ணிகள் எடுத்து, காத்திருந்த 32-ஐயும் சேர்த்தால் 82 ஆகும். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கண்ணிகளைக் குறைத்து வாருங்கள். ஒன்பது முறை குறைத்தால் மீண்டும் 64. பிறகு, நுனிக்கு 5 சென்டிமீட்டர் இருக்கும்வரை நேர்ப்பாதை.

விரல் முனையில், ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் நான்கு நான்காகக் குறைத்து 32-க்கு வாருங்கள். பின்பு ஒவ்வொரு சுற்றிலும் குறைத்து 16 ஆக்குங்கள். மேலே 8, கீழே 8. இவற்றைத் தையலூசியால் கண்ணிக்குக் கண்ணி கோத்து மூடினால் மேடு தட்டாது. முதல் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் போர் அமைச்சரின் பெயரால் இதைக் கிச்சனர் தையல் என்பார்கள்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தது. அதிலும் இந்தியர்களிடம் மிகுதி. நாள்பட்டால் பாதத்தில் உணர்ச்சி குறையும். கொப்புளம் வந்தாலும், கல் குத்தினாலும் தெரியாது. சின்னப் புண் ஆறாமல் வளர்ந்து, விரலையும் காலையும் இழந்தவர்களை நாம் அறிவோம்.

அவர்களுக்குப் பின்னும்போது மேல்விளிம்பைத் தளர்வாக விடுங்கள். கழற்றியபின் காலைச் சுற்றித் தடம் விழுந்தால் அந்தக் காலுறை ஆகாது. உட்புறம் முடிச்சோ நூல் முனையோ உரசக் கூடாது. வெளிர் நிற நூலே வேண்டும். எங்காவது இரத்தமோ நீரோ கசிந்தால் உடனே கண்ணில் படும். கிழிந்தால் ஒட்டுப் போட்டுக் கொடுக்காதீர்கள். அந்த மேடே புண் உண்டாக்கும். எவ்வளவு நல்ல காலுறையானாலும் அது மருந்தாகாது. நாள்தோறும் பாதத்தைப் பார்ப்பதும், புண் தெரிந்தால் தாமதிக்காமல் கிளினிக்குக்குப் போவதும்தான் காவல்.

ஒற்றைக் காலுறை பரிசாகாது

ஒரு ஜோடிக்கு ஏறத்தாழ 20,000 கண்ணிகள். நிமிடத்துக்கு 15 கண்ணி என்றால் 22 மணி நேரத்துக்கு மேல். இரவில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் மூன்று வாரங்களுக்குச் சற்று அதிகம். இதில் பெரிய சோதனை, முதல் காலுறை முடிந்ததும் வரும் அலுப்புதான். 'ஒன்று முடிந்ததே' என்று மூலையில் போட்டவர்கள் ஏராளம். ஆகவே முதலாவதை முடித்த அன்றே இரண்டாவதற்குக் கண்ணி போட்டுவிடுங்கள். எத்தனை சுற்று என்பதையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால், இரண்டும் இரட்டைப் பிள்ளைகளாய் வரும்.

கொடுக்கும்போது இரண்டு விஷயங்களைச் சொல்லிக் கொடுங்கள். ஒன்று, வெந்நீரில் துவைக்கக் கூடாது. கம்பளி சுருங்கித் தடித்துவிடும். குளிர்ந்த நீரில் அலசி, துண்டில் சுற்றி அழுத்தி, நிழலில் உலர்த்த வேண்டும். மற்றொன்று, பெட்டிக்குள் பூட்டி வைக்கக் கூடாது. நம் பெரியவர்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. "நல்ல நாளுக்கு ஆகட்டும்" என்று எடுத்து வைத்துவிடுவார்கள். நீங்களே ஒரு முறை அவர் காலில் மாட்டிவிடுங்கள். விரல்கள் தாராளமாக அசைகின்றனவா, குதிகால் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.

எழுதி வைத்த அளவைத் தூக்கிப் போடாதீர்கள். வயதாக ஆக, பாதம் மாறும். வீக்கம் வரும், விரல் வளையும். அடுத்த ஆண்டு இன்னொரு ஜோடி தொடங்குமுன் பழைய தாளை நம்பாமல் மறுபடியும் கீழே உட்கார்ந்து அளந்து பாருங்கள். என்ன மாறியிருக்கிறது என்பதை வீட்டில் முதலில் அறிந்தவர் நீங்களாகவே இருப்பீர்கள்.